ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹால் எந்தக் காலத்து வீடு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஹாலைப் பார்த்தேன். இடைக்கால வணிகர் வீடு என்று சொன்னார்கள். ஆனால் மாடிப்படி 17ஆம் நூற்றாண்டு, சாப்பாட்டு அறை 18ஆம் நூற்றாண்டு. நிலவறை மட்டுமே அசல் என்று தோன்றியது. பிற்காலச் சேர்க்கைகளை அகற்றி, முதலில் இருந்த வீட்டை மீட்டிருக்கக் கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்த நிலவறை ஏறத்தாழ 1320இல் கட்டப்பட்டது. அந்த வீட்டில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே. ஆனால் அது ஏன் எஞ்சியது என்பதையும் நாம் கேட்க வேண்டும். வளைவுக் கூரை கொண்ட அந்த அறைதான் மேலே இருக்கும் கூடத்தைத் தாங்குகிறது. ஆகவே பின்னால் வந்த உரிமையாளர்கள் தங்கள் வசதிக்கேற்ப மேற்பகுதியை மாற்றிக் கட்டியபோதும் நிலவறையில் கைவைக்கவில்லை. நீங்கள் அகற்றச் சொல்லும் சேர்க்கைகள்தான் இடைக்காலத்தை இதுவரை காப்பாற்றி வந்திருக்கின்றன.

கூடத்தையே எடுத்துக்கொள்வோம். 15ஆம் நூற்றாண்டில் உருவான அந்தக் கூடத்துக்கு இன்றுள்ள கூரையையும், கல் வளைவு கொண்ட புடைப்பு ஜன்னலையும், வாசலையும் படிகளையும் அமைத்தவர், 1539இல் நகர மேயராக இருந்த மளிகை வணிகர் நிக்கலஸ் சொதர்ட்டன். கூரையை அண்ணாந்து பார்த்தீர்களா? சுவருக்குச் சுவர் கிடக்கும் உத்தரத்தின் நடுவே ஒரு குத்துக்கால் நிற்கிறது. அது முகடுவரை போகாமல், கூடத்தின் நீளவாக்கில் ஓடும் ஒரு சட்டத்தைத் தாங்குவதோடு நின்றுவிடுகிறது. இரண்டு பக்கக் கைமரங்களையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள் அந்தச் சட்டத்தின்மேல் வரிசையாக அமர்கின்றன. கைமரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்த ஏற்பாடுதான். தச்சர் தம் வேலையை எதற்குள்ளும் ஒளிக்கவில்லை. தாங்கும் மரமே அலங்காரமாகவும் இருக்கிறது. எனக்கு அந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். 1320க்குத் திரும்ப வேண்டுமென்றால் முதலில் இந்தக் கூரையை இறக்கியாக வேண்டும்.

1627இல் மற்றொரு மேயரான பிரான்சிஸ் காக் அமைத்த மாடிப்படியும் அப்படியே. எல்லோரும் ஒரே பெருங்கூடத்தில் கூடி உண்ட வழக்கம் தேய்ந்து, வசதி படைத்த குடும்பங்கள் மாடியிலுள்ள தனி அறைகளை நாடிய காலம் அது. அந்த மாற்றத்தை நாம் ஏறி இறங்கி உணர்வதற்கு அந்தப் படிகள் இருக்கின்றன. (‘அந்நியர்’ என்று பொருள்படும் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற வீட்டின் பெயர், 1565இல் இன்னொரு சொதர்ட்டன், தாமஸ், மேயராக இருந்தபோது நெசவுத் தொழிலுக்காக வரவழைக்கப்பட்ட டச்சு அகதிகளையும், வலோன் (இன்றைய பெல்ஜியப் பகுதியில் பிரெஞ்சு பேசுவோர்) அகதிகளையும் நினைவூட்டுகிறது.)

நீங்கள் சொல்லும் மீட்பு முறை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தேறியதுதான். ஒரு காலத்தைத் தூய்மையாகக் காட்ட வேண்டும் என்று, பல தேவாலயங்களில் பிற்காலப் பகுதிகளைப் பெயர்த்தெடுத்தார்கள்; பெயர்த்த இடத்தில் வைத்தது பெரும்பாலும் அவர்கள் ஊகித்த இடைக்காலம். அதை எதிர்த்தே கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அவர் பக்கமே நியாயம் இருந்ததாக நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வீடு கைவிடப்பட்டு இடிக்கப்படும் நிலைக்கு வந்தபோது, வழக்கறிஞர் லெனர்ட் போலிங்புரோக் அதை வாங்கி, 1900இல் அருங்காட்சியகமாகத் திறந்து, 1922இல் நகரத்துக்கே அளித்தார். அவர் சொதர்ட்டனின் கூரையையும் காக்கின் படிகளையும் விட்டுவைத்ததால்தான் உங்களால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்திருக்கிறது.

அன்புடன்.