வாசகர் கேள்வி பதில்: மேற்கோள் எண்ணிக்கையும் இரவுக் கூத்தும்

கேள்வி: எங்கள் ஊர் நாட்டுக்கூத்துக் கலைஞர்களை வைத்து, வேலையும் ஓய்வு நேரமும் பற்றிச் சமூகவியலில் ஆய்வேடு எழுதுகிறேன். கனடாவில் இருந்து எழுதிய சமூகவியலாளர் ரொபர்ட் ஸ்டெபின்ஸின் கருத்தை அடிப்படையாக எடுக்க நினைத்தேன். முன்மொழிவு வாசித்த அன்று ஒருவர், "அவருடைய எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில் தேடினால் கூகுள் ஸ்கொலரில் ஒரு எண், ஸ்கோபஸில் அதைவிடக் குறைந்த எண். எதை நம்புவது? ஆளை மாற்றவா?
– இறுதியாண்டு மாணவி, கோப்பாய்

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. இரண்டு எண்ணிலும் பிழையில்லை, எண்ணுகிற இடம்தான் வேறு. ஸ்கோபஸ் தான் தெரிந்தெடுத்த ஆய்விதழ்களையும் கொஞ்ச நூல்களையும் மட்டும் பார்க்கிறது. கூகுள் ஸ்கொலர் புத்தகம், ஆய்வேடு, அறிக்கை என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் அள்ளுகிறது, அதனால் ஒரே கட்டுரை இரண்டு தரம் பதிவாகி நிற்பதும் உண்டு. சமூகவியல்காரர் பலர் நூலாக எழுதுகிறவர்கள், அவர்களை மேற்கோள் காட்டுகிறவர்களும் நூலில்தான் காட்டுகிறார்கள், ஆகவே ஸ்கோபஸ் கணக்கில் அதிகம் இழப்பது அவர்கள்தான்.

எச்-இன்டெக்ஸ் 2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒருவருடைய 10 ஆக்கங்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. சரி, வாழ்நாளில் மூன்றே நூல் எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் தடவை மேற்கோள் காட்டப்பட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வருவது 3. மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்றே மேற்கோள் கிடைத்தவருக்கும் அதே 3! இதை வைத்து ஒரு சிந்தனையாளரை எடுக்கலாமா விடலாமா என்று முடிவு செய்வது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை.

எண்ணை விட்டுவிட்டு, யார் மேற்கோள் காட்டுகிறார்கள், எதற்காகக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்டெபின்ஸ் 1982 இல் எழுதிய கட்டுரையில்தான் ஓய்வு நேரத்தில் ஒன்றை ஊன்றிச் செய்கிறவர்களைப் பற்றிய 'ஊன்றிய ஓய்வு' (serious leisure) என்ற கருத்தை விரித்து வைத்தார். தொழிலாக இல்லாமல் வானத்தைப் பார்க்கிறவர்கள், நாடகம் நடிக்கிறவர்கள், தொல்லியலில் இறங்கியவர்கள், இப்படிப்பட்டவர்களோடு பழகி எழுதியவர் அவர். காசுக்கு இல்லை, ஆனாலும் பயிற்சி உண்டு, திறமை வளர்கிறது, சலித்தாலும் விடுவதில்லை. அவரை அதிகம் எடுத்தாள்வது ஓய்வு, சுற்றுலா, விளையாட்டு பற்றிய ஆய்விதழ்கள். பொதுச் சமூகவியல் படித்தவர் அவரைக் கேள்விப்படாமல் இருக்கலாம், அதற்காக அவருடைய கருத்து உங்களுக்குப் பொருந்தாமல் போகுமா? பகல் முழுக்கத் தோட்டத்திலோ மேசன் வேலையிலோ நின்று களைத்த மனிதர், இரவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முன்னால் நின்று ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பழகுகிறாரே, அதை வேலை என்றும் சொல்ல முடியவில்லை, சும்மா இருக்கிற ஓய்வு என்றும் சொல்ல முடியவில்லை. அந்த இடத்துக்குப் பேர் வைத்தவர் அவர், உங்கள் ஆய்வுக்கு அதுதானே தேவை.

இன்னொன்று. சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983 இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது, சம்பளத்துக்காகச் சிரிக்க வேண்டியிருப்பதும் ஓர் உழைப்பு, 'உணர்ச்சி உழைப்பு' (emotional labor) என்றார். இன்று அந்தச் சொல்லை அவருடைய பேரே தெரியாமல் எத்தனையோ பேர் பாவிக்கிறார்கள். ஒரு கருத்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் சொன்னவரின் பேர் அடிக்குறிப்பிலிருந்து மறைந்துவிடும் என்பதைச் சமூகவியலாளர் ரொபர்ட் மெர்ட்டனே எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த மறைவு எந்தக் கணக்கிலும் வராது.

நீங்கள் செய்யக்கூடியது இது. அந்த 1982 கட்டுரையை மேற்கோள் காட்டிய இருபது கட்டுரைகளை எடுத்து, எத்தனை பேர் கருத்தோடு உண்மையாக மல்லுக்கட்டுகிறார்கள், எத்தனை பேர் அடைப்புக்குறிக்குள் பேரை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பிரித்து, அதை ஒரு பக்கத்தில் எழுதி ஆய்வேட்டில் சேருங்கள். எச்-இன்டெக்ஸ் கேட்டவருக்கு அதைக் கொடுக்கலாம்.

கேள்வி: தமிழில் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எண்ணிக்கை ஏறுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, ஸ்கோபஸில் ஓர் இதழ் சேர வேண்டுமென்றால் கட்டுரைச் சுருக்கம் ஆங்கிலத்திலும், உசாத்துணைப் பட்டியல் ரோமன் எழுத்திலும் இருக்க வேண்டும். நம் இதழ்கள் பல அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கூகுள் ஸ்கொலர் தமிழையும் படிக்கும், ஆனால் ஒருவருடைய பேரை மூன்று கட்டுரையில் மூன்று விதமாக எழுதினால் மூன்று ஆட்கள் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் எழுதுவதை விடாதீர்கள். பேரை எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள், ஆங்கிலத்தில் ஒரு சிறு சுருக்கம் சேருங்கள், கட்டுரையை யாரும் தரவிறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.