பெயர் தெரியக் கொடுத்தால் மாய்மாலமா?
சிங்கப்பூரில் உங்கள் தமிழ்ச் சபை, கட்டட நிதி கொடுத்தவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதுவது மாய்மாலமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரிவது மட்டும் குற்றமாகாது. ஆதிச் சபையைச் சேர்ந்த பர்னபா நிலத்தை விற்றுக் கொடுத்ததை வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் பெயரோடுதான் சொல்கிறது. அடுத்த அதிகாரத்து அனனியாவின் தவறு, குறைவாகக் கொடுத்ததல்ல; நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டது. விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்கிறார் பேதுரு. கொடுக்காமலே இருந்திருக்கலாம், பாவம்!

மத்தேயு நற்செய்தி 6இல், பிறர் காணத் தர்மம் செய்வோரை இயேசு சாடும் ‘மாயக்காரர்’ என்பதன் கிரேக்க மூலச்சொல் நாடக நடிகரைக் குறிப்பது. பார்வையாளர் இல்லாவிட்டால் நடிகருக்கு வேலையில்லை. பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றத்தில் அனுப்பினால் பொருளாளருக்குத் தெரிந்துவிடுமே என்றெல்லாம் தவிக்காதீர்கள். பலகையில் உங்கள் பெயர் விடுபட்டால் கோபம் வருமா? எனக்கு ஒருமுறை வந்தது.