ஹோ மழைக்காட்டில் மரக்கன்றுகள் ஏன் விழுந்த மரங்களின் மேல் முளைக்கின்றன?

ஹோ என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள தாழ்நில ஊசியிலைக் காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. மேலே சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்கள். கீழே பெரணி, பாசி, அப்புறம் நம்மூர்ப் புளியாரைக்கு உறவான ஒரு செடி.

தரையில் ஈரத்துக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். பெரணியும் பாசியும் அடர்ந்து மூடியிருப்பதால் சின்ன விதை அங்கே வேர்விட்டுப் பிழைப்பது கஷ்டம். விழுந்த மரத்தின் முதுகில் போட்டி குறைவு. அதனால் ஹெம்லாக், ஸ்புரூஸ் கன்றுகள் அதன்மேல் வரிசையாக முளைத்து, இருபுறமும் வேர்களைத் தரைக்கு இறக்குகின்றன. அடிமரம் மக்கிப்போக நெடுங்காலம் ஆகும். அது மறைந்த பிறகு, வேர்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். மரங்கள் கால் ஊன்றி நிற்பதுபோலத் தெரியும். நேர்கோட்டில் நிற்பதைப் பார்த்து, யாரோ கயிறு பிடித்து நட்டதாக நினைத்துவிட வேண்டாம்!