1970-களில் அமெரிக்க டிராக் பைக்குகளில் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தய பைக்குகள்) 2, 3 என்ஜின் வைத்தார்களே, பிறகு ஏன் விட்டுவிட்டார்கள்?

ரஸ் காலின்ஸின் மூன்று என்ஜின் ஹோண்டா படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "பவர் கூடிவிட்டது, ஒரு என்ஜினே போதும்" என்று பதில் வரும். அது பாதிதான் உண்மை. மீதி கிளட்ச்சில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரு என்ஜின் தந்த பவர் போதவில்லை. அதனால் ஒரே பிரேமில் இரண்டை முன்னும் பின்னுமாக வைத்தார்கள். போரிஸ் மர்ரேயிடம் இரண்டு டிரையம்ப். ஜான் கிரிகரி கட்டி, டி.சி. கிறிஸ்டென்சன் ஓட்டிய 'ஹாக்ஸ்லேயரில்' இரண்டு நார்ட்டன் கமாண்டோ. (ஹாக் என்பது ஹார்லியின் பட்டப்பெயர், ஸ்லேயர் என்றால் கொல்பவன். ஹார்லி ரசிகர்கள் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம், பெயர் வைத்தது நானில்லை.) காலின்ஸ் மூன்று ஹோண்டா சிபி750 என்ஜின்களை, அதாவது 12 சிலிண்டர்களை, ஒன்றாகக் கோத்தார். கால் மைலை 8 விநாடிக்குள் முடித்த முதல் பைக் அது, 1975-ல். அடுத்த வருடமே விபத்தில் நொறுங்கியது. பிறகு 1977-ல் இரண்டே ஹோண்டா என்ஜின்களை வி-8 ஆக்கிய 'சோர்சரர்': 7.30 விநாடி, மணிக்கு 199.55 மைல்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியும் வேகம் கூடியதைக் கவனியுங்கள். ஒவ்வொரு என்ஜினும் எடையைக் கூட்டுகிறது. என்ஜின்களை இணைக்கும் செயின் தளர்ந்தால் அவை ஒன்றுக்கொன்று ஒத்து ஓடாது. போதாக்குறைக்கு நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருள். பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும், அதனால் அதே காற்றுக்குப் பல மடங்கு எரிபொருளை ஊற்றலாம். அவ்வளவு எரிபொருளை உள்ளே ஊற்றும்போது ஒரு பிளக் பற்றாமல் போனால் சிலிண்டரில் திரவம் தேங்கும். திரவம் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும், இல்லையென்றால் சிலிண்டர் பிளாக்கே பெயர்ந்துவிடும்.

இனி கிளட்ச், அதாவது என்ஜினின் பவரைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட் அடுக்கு. டிராக் பைக்குகளின் லாக்-அப் கிளட்ச்சில் (வேகம் ஏறும்போது தானே இறுகுவது) ஸ்பிரிங் லேசாகத்தான் அழுத்தும், கிளம்பும்போது வேண்டுமென்றே வழுக்கவிடுவதற்காக. அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கு வெளியே சிறு கைகள் இருக்கும். சுழற்சி ஏற ஏற அவை வெளிப்பக்கம் விரிந்து பிளேட்டை அழுத்தும். சுழற்சி இரட்டிப்பானால் அழுத்தம் நாலு மடங்கு. அதனால் கையின் நுனியில் வாஷர், நட் என்று சில கிராம் கூட்டிக் குறைப்பதுதான் டியூனிங். எடை கூடினால் சீக்கிரமே கவ்விக்கொண்டு டயர் புகையும், அல்லது முன்சக்கரம் தூக்கி பாரம் முழுக்க வீலி பாரில் (பைக் பின்னால் கவிழாமல் தடுக்கும் பின்கம்பி) விழும், பின் டயர் பிடி இழக்கும். எடை குறைந்தால் கடைசிவரை வழுக்கி, ஸ்டீல் பிளேட்கள் சூட்டில் நீலம் பாய்ந்து வளையும். முதல் 60 அடி நேரம் கெட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்து முடிவு வேகம் மட்டும் விழுந்தால் கையெடையைப் பாருங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் பிளேட் அடுக்கின் மொத்த உயரத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். தேய்ந்தால் இடைவெளி மாறும், நேற்றைய செட்டிங் இன்றைக்கு உதவாது.

இது கைவந்த பிறகு, சூப்பர்சார்ஜரோடு (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றே போதுமானது. 1999-ல் லாரி மெக்பிரைட் ஹூஸ்டனில் 5.99 ஓடி, 6 விநாடிக்குள் வந்த முதல் ஆளானது அப்படித்தான். பவரே தேவையில்லை என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். அதைத் தரையில் இறக்க வழி வேண்டும், அவ்வளவுதான்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன் ஆப்பில் எடுத்த நேரத்தை டிராக் நேரத்தோடு ஒப்பிட்டு வீடியோ போடுகிறவர்களைக் கண்டாலே எரிகிறது. டிராக்கில் முன் டயர் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் பைக் கிட்டத்தட்ட ஒரு அடி நகர்ந்திருக்கும். பச்சை விளக்குக்கு நீங்கள் தூங்கி வழிந்த நேரமும் அதில் சேராது. கமென்டில் இதைச் சொன்னால் "பொறாமை" என்கிறார்கள்.