பல்செட் கறை போக என்ன வழி? கேள்வி – பதில்

பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பல் டாக்டர் இல்லை. பழுப்பேறிய செட்டைச் சுத்தம் செய்வது, பாலிஷ் போடுவது, உடைந்ததை ஒட்டுவது எல்லாம் என் வேலை. கறை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்க்கிறேன் சார். அப்படியும் ஆறே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. ஏன்?

பதில்: பெரும்பாலும் அந்தப் பேஸ்ட்தான் காரணம். சொந்தப் பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். பல்செட்டோ அக்ரிலிக், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். எனாமலைத் தேய்க்கப் பேஸ்டில் போடும் நறநறவென்ற தூள் அக்ரிலிக்கைக் கீறிவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிதில் கண்ணாடி மாதிரி மின்னிய இடம் இப்போது மங்கி, மெல்லிய கோடு கோடாகத் தெரியும். டீ, காபி, புகையிலைக் கறை போய் உட்காருவது அந்தக் கோடுகளில்தான். கறை தெரிகிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்போம். கீறலும் கூடும், கறையும் கூடும். பல் வெளுக்கும் என்று விற்கிற பேஸ்ட், கரித்தூள் பேஸ்ட் எல்லாம் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு, மெத்தென்ற பிரஷ், நல்ல தண்ணீரில் அலசல். அது போதும். தேய்க்கும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், கை நழுவினாலும் உடையாது.

கேள்வி: பல் வெளுக்க விற்கும் ஜெல்லைப் பல்செட்டில் பூசலாமா?

பதில்: பணம்தான் வீண். அந்த ஜெல்லில் உள்ள பெராக்சைடு சொந்தப் பல்லுக்குள் ஊடுருவி வேலை செய்வது. பல்செட்டின் நிறம் செய்யும்போதே பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டது. கறையை எடுத்து முதலில் இருந்த நிறத்துக்குக் கொண்டுவரலாம், அதற்கு மேல் வெளுக்காது. இன்னும் வெள்ளை வேண்டுமென்றால் புது செட்டுக்கு ஷேடு பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வயதுக்கு ஒட்டாத வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: அம்மாவின் கீழ்ச் செட்டில், முன்பற்களுக்கு உள்பக்கம் சுண்ணாம்பு போலக் கெட்டியாகப் படிந்திருக்கிறது. கத்தியால் சுரண்டலாமா?

பதில்: வேண்டாம். அது கறை இல்லை, காரை. எச்சிலில் உள்ள கால்சியம் அழுக்குப் படலத்தில் சேர்ந்து இறுகியது. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறி வரும் இடம் அது, அதனால்தான் அங்கே மட்டும் அவ்வளவு. மேல் செட்டில் என்றால் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நகத்தால் வருடுங்கள்: தடுக்கினால் காரை, வழுக்கினால் கறை. காரைக்கு வினிகர்தான் சரி. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ் போடுங்கள். இளகி வரும். தடிமனாக இருந்தால் ஒரே தடவையில் வராது, நாலைந்து நாள் விட்டுத் திரும்பச் செய்யலாம். அதற்கும் மசியவில்லையா, டாக்டரிடம் கொடுங்கள். அல்ட்ராசோனிக் கருவியில் போட்டால் கீறல் விழாமல் கழன்றுவிடும்.

கேள்வி: துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். பல் சுத்தமாகிவிட்டது, ஆனால் ஈறு பாகம் வெளிறிப்போச்சு. ரோஸ் நிறம் திரும்ப வருமா?

பதில்: வராது. பிளீச் கறைக்கும் கேட்கும், கிருமிக்கும் கேட்கும், ஆனால் நேரக்கணக்கு முக்கியம். அமெரிக்காவில் செயற்கைப்பல் நிபுணர்களின் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 10 நிமிடத்துக்கு மேல் பிளீச்சில் போடவே கூடாது என்கிறது. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், நிமிடக் கணக்குப் பார்த்து எடுத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இதுவும் முழு அக்ரிலிக் செட்டுக்கு மட்டும்தான். கம்பியோ உலோகத் தகடோ இருந்தால் அரித்துக் கறுத்துவிடும். உள்ளே மெத்தை வைத்த செட்டுக்கும் ஆகாது. இன்னொன்று: வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

கேள்வி: கொதிக்கிற தண்ணீர்?

பதில்: கூடவே கூடாது. வளைந்துவிடும். வளைந்த செட்டை நிமிர்த்த என்னாலும் முடியாது.

கேள்வி: நுரைத்துக் கரையும் மாத்திரை உண்மையிலேயே வேலை செய்கிறதா, சும்மா விளம்பரமா?

பதில்: வேலை செய்யும், ஓரளவு. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்வதால் நுரை. அதோடு ஆக்சிஜனை விடும் உப்பு ஒன்றும் இருக்கும், கறையை வெளுப்பது அதுதான். அன்றன்றைய படலமும் புதுக் கறையும் போகும். காரை போகாது, பல வருடக் கறையும் போகாது. ஊறவைத்த பிறகும் பிரஷ் போட்டே ஆக வேண்டும். பல மாத்திரைகளில் பெர்சல்பேட் என்ற பொருள் உண்டு, சிலருக்கு ஒவ்வாமை தரும். அதனால் அலசாமல் மாட்டாதீர்கள், வாய் கொப்பளிக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: ஈறு புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மவுத்வாஷ் பழகியதிலிருந்து செட் பழுப்பாகிறது அண்ணே.

பதில்: பாட்டிலில் குளோர்ஹெக்சிடின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் ஆள். டீ, காபியோடு சேரும்போது பழுப்பு இன்னும் ஏறும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். லேபில் பாலிஷ் போட்டால் இந்தப் பழுப்பு பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: எட்டு வருடப் பழைய மேல் செட். உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள், எதற்கும் அசையவில்லை. பாலிஷ் போடலாமா?

பதில்: வெளிப்பக்கம் என்றால் போடலாம், ஒவ்வொரு தடவையும் மேல்பரப்பு கொஞ்சம் தேயும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உள்பக்கத்தில் நாங்கள் கை வைப்பதில்லை. அது தேய்ந்தால் செட் லொடலொடவென்று ஆடும். நுண்துளைகளுக்குள் அழுக்கும் பூஞ்சையும் இறங்கியிருக்கலாம். செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் மேல் அண்ணத்தைப் பாருங்கள். செட் படும் இடம் மட்டும் சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். செட்டைக் கழுவுவதோடு அண்ணத்துக்கும் மருந்து தேவைப்படலாம். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள், காய விடாதீர்கள். எட்டு வருடம் ஆகிவிட்டதால் புது செட் பற்றியும் அப்படியே கேட்டுவிடுங்கள்.