ஒருகாலத்தில் டபிள்யூடபிள்யூஎஃப்-ஐயே (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) முந்திய அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ ஏன் மூடப்பட்டது?

'டபிள்யூடபிள்யூஎஃப் முதலாளி வின்ஸ் மெக்மேன் வாங்கி இழுத்து மூடிவிட்டார்' என்றுதான் பலர் சொல்வார்கள். வாங்கியது உண்மை. ஆனால் 2001 மார்ச்சில் அவர் கைக்கு வரும்போதே கம்பெனி நொடித்துப் போயிருந்தது. இந்த வகை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது முன்பே தீர்மானிக்கப்படும். மேலே இருந்த நட்சத்திரங்கள் கீழே இருப்பவர்களிடம் தோற்க மறுத்ததுதான் அதைச் சாய்த்தது என்பேன்.

டிவி சேனல் அதிபர் டெட் டர்னரின் பணத்தில், அட்லாண்டாவிலிருந்து நடந்த கம்பெனி இது. 1994-இல் பெரிய நட்சத்திரமான ஹல்க் ஹோகனைக் கொண்டுவந்தார்கள். 1995 செப்டம்பரில், டபிள்யூடபிள்யூஎஃப்-இன் 'ரா' நிகழ்ச்சி ஓடும் அதே திங்கள் இரவில் தங்கள் 'நைட்ரோ' நிகழ்ச்சியை இறக்கினார்கள். 1996 ஜூலையில் ஹோகன் வில்லனாக மாறி, கெவின் நாஷ், ஸ்காட் ஹாலோடு என்டபிள்யூஓ அணியைத் தொடங்கியதும் ஊரே அதைப் பார்த்தது. தொடர்ந்து 83 வாரம் ரேட்டிங்கில் நைட்ரோதான் முன்னிலை.

இதே நட்சத்திரங்களுக்குப் போட்டுக்கொடுத்த ஒப்பந்தங்கள்தான் பின்னால் வினையாயின. ரிங்கில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சம்பளம் உறுதி. தன் மேட்ச் எப்படி முடிய வேண்டும் என்பதில் தலையிடும் உரிமையும் ஹோகனுக்கு இருந்தது. மல்யுத்தத்தில் பழைய ஆள் தோற்றால்தான் புது ஆள் பெரிய ஆளாவான். அப்படித் தோற்க இங்கே யாருக்கு என்ன அவசியம்?

1999 ஜனவரி 4 இரவைப் பாருங்கள். ஜார்ஜியா டோமில் கூட்டம் காத்திருந்தது, நாஷிடமிருந்து பட்டத்தைத் திரும்பப் பறிக்க கோல்ட்பர்க் வருவார் என்று. அட்லாண்டா அவருடைய சொந்த மண் மாதிரி. கதைப்படி அவரை போலீஸ் பிடித்துக்கொண்டு போக, ரிங்குக்கு வந்தது ஹோகன். அவர் ஒற்றை விரலால் நாஷின் நெஞ்சில் லேசாகக் குத்தினார். குண்டடி பட்டதுபோல நாஷ் மல்லாந்து விழுந்தார். ஹோகன் மேலே படுத்தார், பட்டம் கைமாறியது. டிக்கெட் வாங்கி வந்தவர்களை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதே இரவில், முன்பே பதிவான 'ரா'வில் டபிள்யூடபிள்யூஎஃப் வீரர் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போவதை நைட்ரோ வர்ணனையாளரே கிண்டலாகப் போட்டு உடைத்தார். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் லட்சக்கணக்கானோர் அந்தக் கணமே 'ரா'வுக்குச் சேனலை மாற்றினார்கள்.

வருவதற்கு ஆள் இல்லாமலா போனது? கிறிஸ் ஜெரிக்கோ இருந்தார், எடி கெரேரோ இருந்தார், கிறிஸ் பென்வா இருந்தார். ஜெரிக்கோ 1999-இலும் மற்ற இருவரும் 2000 ஜனவரியிலும் எதிர்முகாமுக்குப் போய்விட்டார்கள். மூன்று பேருமே பின்னால் அங்கே உலகச் சாம்பியன் ஆனார்கள். இங்கே அதே 2000-இல் பட்டத்தை டேவிட் ஆர்க்வெட் என்ற சினிமா நடிகருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரே வருடத்தில் நஷ்டம் 6 கோடி டாலரைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது.

டர்னர் கையில் அதிகாரம் இருந்தவரை நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். ஏஓஎல்-டைம் வார்னர் இணைப்புக்குப் பின் டர்னர் சேனல்களுக்குத் தலைமையேற்ற ஜேமி கெல்னர், மல்யுத்த நிகழ்ச்சிகளையே நிறுத்தினார். முன்பு டபிள்யூசிடபிள்யூ-வை நடத்திய எரிக் பிஷாஃப் ஒரு முதலீட்டுக் குழுவோடு கம்பெனியை வாங்கவிருந்தார். ஒளிபரப்ப சேனலே இல்லாத கம்பெனி எதற்கு என்று அவர்களும் விலகினார்கள்.

மெக்மேன் சில மில்லியன் டாலருக்குப் பெயரையும் பழைய வீடியோக்களையும் சில இளம் வீரர்களின் ஒப்பந்தங்களையும் மட்டும் வாங்கினார். நாஷ், கோல்ட்பர்க், ஸ்டிங் போன்றவர்களின் பெரிய ஒப்பந்தங்களை அவர் தொடவில்லை. கம்பெனி போன பிறகும் அவர்கள் வீட்டிலிருந்தபடியே டைம் வார்னரிடம் சம்பளம் வாங்கினார்கள்.