ஊர் வேலையில் உற்சாகம், கணக்கில் சோர்வு

கேள்வி: என் மகன் குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏரிக்கரை சுத்தம், மரக்கன்று நடுதல் என்று போய்விடுகிறான். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாமுக்கும் போய் வந்தான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 38 மதிப்பெண்தான். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறான். ‘படிப்புக்குப் பயந்து ஊர் வேலையில் ஒளிந்துகொள்கிறான்’ என்கிறார் அவன் அப்பா. 2021 வெள்ளத்தின்போது, ஏழாம் வகுப்பிலேயே, தெருப் பையன்களோடு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஓடியவன் அவன். இப்போது நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் புரண்ட அந்த நவம்பரில் அவனுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது; பிளஸ் ஒன் கணக்கும் அவனை மிரட்டத் தொடங்கவில்லை. ஆகவே பிறர் துன்பத்தைக் கண்டதும் கால்கள் தாமாக நகரும் அந்தக் குணம், படிப்பிலிருந்து தப்பிக்க நேற்று கண்டுபிடித்த வழியாக இருக்க முடியாது. வியன்னாவில் கண் மருத்துவராகத் தொழிலைத் தொடங்கிப் பின்னர் உளவியலுக்கு வந்த ஆல்ஃபிரட் அட்லர், இந்தச் சமூக உணர்வு எல்லாக் குழந்தைகளிடமும் வித்தாக இருக்கிறது, வளர்ப்பில்தான் முளைக்கிறது என்று கருதியதோடு, ஒருவரின் மனநலத்தை அளக்கும் கோலாகவே அதை வைத்தார். 2004இல் உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் தொகுத்த 24 குணநலன்களின் வரிசையிலும், நேர்மையான நடுநிலை, தலைமைப் பண்பு ஆகியவற்றின் பக்கத்திலேயே குழுவுக்கும் ஊருக்கும் உழைக்கும் பண்பு இடம்பெற்றிருக்கிறது. படிப்பு போக மிஞ்சிய நேரத்தில் செய்யும் தருமமாக அதை அவர்கள் கருதவில்லை. நீதி என்னும் அறப்பண்பின் ஒரு பகுதியாகவே எண்ணினார்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு, பிறர் சொல்லும் ஊக்க மொழிகளைக் காட்டிலும் தானே செய்து முடித்த அனுபவமே வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். முகாமில் அவன் வெட்டிய குழியில் மறுநாளே கன்று நின்றிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் ‘வா தம்பி, சாப்பிட்டுப் போ’ என்று அழைத்திருப்பார்கள். கணக்கு வகுப்பிலோ, பத்தாம் வகுப்பு வரை கைகொடுத்த மனப்பாடம் முக்கோணவியலில் கைவிட்டிருக்கலாம். வெற்றி கிடைக்கும் பக்கம் மனம் சாய்வது பதினாறு வயதில் இயல்புதான். இந்த இடத்தில் அவன் அப்பா சரியாகவே கவனித்திருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டால் மட்டும் முக்கோணவியல் புரிந்துவிடாது. தன்னம்பிக்கை தரும் ஒரே இடமும் போய்விடும். எந்தப் பாடத்தில் தடுக்கியது என்று கணக்கு ஆசிரியரிடம் அவனையே கேட்டு வரச் சொல்லுங்கள். முகாமில் அறிமுகமில்லாத வீடுகளின் கதவைத் தட்டிப் பேசியவனுக்கு அந்தத் துணிச்சல் நிச்சயம் இருக்கும். தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு அவன் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது: சொல்லிக் கொடுக்கும்போதுதான் தன் அடிப்படையில் எங்கே ஓட்டை என்று தெரியும், அதுவும் ஊர் வேலைதானே.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு. நாட்டு நலப்பணித் திட்டம் ஒரு மாணவரிடம் எதிர்பார்ப்பது ஆண்டுக்கு 120 மணி நேரம். வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை மணிக்கும் குறைவு. ஞாயிறு முழுவதும் வேண்டும் என்று திட்டம் கேட்கவில்லை. கூப்பிட்டவர்களிடம் ‘இன்று வர முடியாது’ என்று சொல்லத் தயங்குகிறானா என்று பாருங்கள். நல்ல மனமுள்ள பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாமல் போவதுண்டு. அதையும் பழக வேண்டும். திட்ட அலுவலரிடம் பேசி, ஞாயிறு காலையோடு முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அவன் எதிரில் பேசுங்கள், அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

குடம் தண்ணீர் விஷயத்தில் உங்களிடமே ஒரு கேள்வி. வெளியில் அவனுக்குப் பொறுப்பு தருகிறார்கள்; வீட்டில் அவன் கேட்பது ஏவல் மட்டும்தானோ? குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கவனித்துத் தொட்டி நிரப்புவதையோ, மாதாந்திர ரேஷனையோ முழுதாக அவனிடம் ஒப்படைத்து, இடையில் நினைவூட்டாமல் இருந்து பாருங்கள். முதல் மாதம் தவறும். ஒருநாள் தொட்டி காலியாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தூக்கமும் பசியும் குறைந்து, நண்பர்களையும் ஏரிக்கரையையும்கூடத் தவிர்க்கத் தொடங்கினால் அது வேறு செய்தி. அப்போது தாமதிக்காமல் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.